சோற்றுப்பானையும் பெட்ரோல் டேங்கும்: நெல்லையில் ஒரு வீட்டின் கரிக்கணக்கு போடும் வழி

நம் வீட்டுச் சாப்பாடும் போக்குவரத்தும் காற்றில் எவ்வளவு கரியமில வாயுவைச் சேர்க்கின்றன என்று கணக்குப் பார்க்கும் ஆசை உங்களுக்கு வந்திருந்தால், இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். நான் படிக்காமல் தொடங்கி நான்கு மாதத்தை வீணடித்தவன். இணையத்தில் கிடைத்த கணிப்பான்கள் எல்லாம் வருடத்துக்கு எத்தனை முறை வெளிநாடு பறந்தாய், அடுப்பு எரிவாயு குழாயில் வருகிறதா என்று கேட்டன. பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் ஐந்து பேராக இருந்துகொண்டு, வேலைக்கு அம்பாசமுத்திரம் போய்வரும் ஆளுக்கு அதில் பொருந்தும் கேள்வி ஒன்றுகூட இல்லை. கடைசியில் நாற்பது ரூபாய் நோட்டில் நானே கோடு போட்டேன். அந்த முறைதான் இது.

செலவு: நோட்டு, பேனா, அடுக்களைத் தராசு. தராசு ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். காலம்: இரண்டு மாதம். நாளுக்குப் பத்து நிமிடம்.

1. முதலில் தாள்களைச் சேருங்கள்

வேண்டியவை இவ்வளவுதான்: பெட்ரோல் போட்ட ரசீதுகள், சமையல் எரிவாயு புத்தகம், மளிகைக் கடைச் சீட்டு, பால் அட்டை, ரேஷன் அட்டை. வண்டியில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் ஓடவேண்டும். ஓடாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பெட்ரோல் ரசீதை வண்டி சீட்டுக்கு அடியில் போட்டுவைக்காதீர்கள். நான் சித்திரையில் தொடங்கினேன். மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் பதினோரு தாளில் ஏழு வெறும் தாள், எழுத்து வெயிலில் வெளிறிப்போயிருந்தது. பெட்ரோல் போட்ட இடத்திலேயே லிட்டரையும் மீட்டர் எண்ணையும் கைபேசியில் குறித்துவிடுங்கள்.

மளிகைக்குச் சீட்டு கேட்டபோது கடை அண்ணாச்சி, "வருமான வரிக்காரர்கள் யாரும் வந்துவிட்டார்களா தம்பி?" என்று சிரித்தார். விவரம் சொன்னதும் துண்டுத்தாளில் எடையோடு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். ரூபாய் நமக்குத் தேவையில்லை, எடைதான் வேண்டும். "துவரம்பருப்பு 160 ரூபாய்" என்று எழுதிய சீட்டால் ஒரு பயனும் இல்லை.

2. மாதத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்

ஆனித் தேரோட்டத்துக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கும் மாதம், குற்றாலத்தில் சாரல் விழுந்து வாராவாரம் வண்டி கிளம்பும் மாதம், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு வேன் பிடிக்கும் மாதம், கல்யாண வைகாசி எல்லாம் முதல் கணக்குக்கு ஆகாதவை. சாதாரணமான இரண்டு மாதத்தை எடுங்கள். எரிவாயு உருளை ஒன்று மாட்டிக் காலியாவதற்கும் அந்த அவகாசம் வேண்டும். திருவிழா மாதத்தைப் பிறகு தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

3. பயணக் கணக்கு

இது எளிது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும், டீசல் என்றால் 2.7 கிலோ. ஒரு கிலோ எடைகூட இல்லாத பெட்ரோல் எப்படி இரண்டு கிலோவுக்கு மேல் வாயு தரும் என்று என் மகள் மடக்கினாள். பெட்ரோலில் இருக்கும் கரி, எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. கூடுகிற எடை அதனுடையது.

மைலேஜ் பார்க்கும் வழி: டேங்கை நிறைத்து மீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறை நிறைக்கும்போது எத்தனை லிட்டர் பிடித்ததோ அதால் ஓடிய தூரத்தை வகுங்கள். இரண்டு முறையும் பம்பு தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள், "இன்னும் கொஞ்சம்" என்று ஊற்றினால் கணக்கு கெடும்.

பஸ், ரயில் என்றால் தூரத்தைப் பெருக்கவேண்டும். இந்திய நிலவரத்தில் ஒருவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு ரயிலில் 10 கிராம் அளவு, நிறைந்து ஓடும் பஸ்ஸில் 15 கிராம் அளவு, உள்நாட்டு விமானத்தில் 120 கிராம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. பெட்டியிலும் படுக்கை வசதிப் பஸ்ஸிலும் ஆட்கள் குறைவு என்பதால் தலைக்கு விழும் பங்கு கூடும்.

சிக்கல் வருவது பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தில். சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும் கிடைக்கும் சலுகை இது. சீட்டில் காசு இருக்காது. மாதக் கடைசியில் சீட்டுக்கட்டைப் பிரித்துப் பார்த்து எங்கே ஏறினோம் எங்கே இறங்கினோம் என்று நினைவுகூர முடியாது. ஏறும்போதே "வண்ணார்பேட்டை முதல் டவுன்" என்று சீட்டின் பின்னால் எழுதச் சொல்லுங்கள். காசு இல்லை என்பதற்காகக் கரியும் இல்லை என்று ஆகிவிடாது.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு: ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ போடுங்கள். கயத்தாற்றிலும் பணகுடியிலும் காற்றாலைகள் கண்ணெதிரே சுற்றுகின்றன, நம் ஊர் மின்சாரம் சுத்தம் என்று என் அத்தான் வாதாடினார். கம்பியில் வருவது தேசியத் தொகுப்பிலிருந்து கலந்து வருவது, அதில் பெரும்பங்கு நிலக்கரி. அப்படிப் பார்த்தாலும் யூனிட்டுக்கு 35 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 20 கிராம்தான். பெட்ரோல் ஸ்கூட்டர் 50 கிராமுக்குக் குறையாது. வாங்கும் முன் மின்கட்டண அட்டையை ஒருமுறை பாருங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டை ஒட்டி நிற்பவர் என்றால், அதைத் தாண்டியதும் விலைப் படிநிலையே மாறிவிடும்.

4. சாப்பாட்டுக் கணக்கு

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தொடங்கியபோது என் தலையில் இருந்தது ஒரே எண்ணம்: தூரத்திலிருந்து வரும் காய்தான் குற்றவாளி. ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரியில் வரும் கத்தரிக்காயை விட்டுவிட்டு, தோட்டத்திலேயே பறித்துத் தரும் ஒருவரைத் தேடி மோட்டார் சைக்கிளில் போனேன். போக வர 24 கிலோமீட்டர், இரண்டு கிலோ கத்தரிக்காய். அரை லிட்டர் பெட்ரோல் எரிந்தது, அதாவது ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு. பத்து டன் ஏற்றிக்கொண்டு 250 கிலோமீட்டர் ஓடிவரும் லாரியில் அதே இரண்டு கிலோ காய்க்கு விழும் பங்கு ஐம்பது கிராம் அளவுதான். இருபது மடங்கு கூடுதலாகப் புகை விட்டுவிட்டு, உள்ளூர்க் காய் தின்கிறேன் என்று ஒரு மாதம் பெருமை பேசினேன். மகாராஜநகர் உழவர் சந்தைக்கு நடந்தோ பஸ்ஸிலோ போய் வாங்குங்கள், நல்லது. காய்க்காகவென்று தனியாக வண்டியை எடுக்காதீர்கள்.

உணவில் பெரும்பங்கு கரி பிறப்பது வண்டியில் அல்ல, வயலிலும் தொழுவத்திலும். 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டி ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இருவர் 2018-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்த எண்களைத்தான் நான் பயன்படுத்தினேன். உலகச் சராசரி என்பதால் நம் ஊருக்கு அச்சாகப் பொருந்தாது. எது பெரிது எது சிறிது என்று தெரிய அது போதும். ஒரு கிலோவுக்கு:

ஆட்டுக்கறி 24 முதல் 40 கிலோ (கணக்கிடும் முறையைப் பொறுத்து), கோழி 6 முதல் 10, வளர்ப்பு மீன் 5, முட்டை 4.5, அரிசி 4, சர்க்கரை 3, பால் லிட்டருக்கு 3, கோதுமை 1.4, பருப்பு வகை 1, காய்கறி பெரும்பாலும் அரைக் கிலோ. மாட்டிறைச்சி எல்லாவற்றுக்கும் மேலே. கறிக்கென்றே வளர்த்த மாட்டுக்கு 60-க்குக் குறையாது, பால் தந்து ஓய்ந்த மாட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு.

அரிசி ஏன் கோதுமையைப் போல மூன்று மடங்கு? தண்ணீர் கட்டிய வயலில் சேற்றுக்குள் காற்று போகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை விடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. ஆடும் மாடும் அசைபோடும்போது வயிற்றிலிருந்து வருவதும் அதே மீத்தேன்தான். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளையும் ஊரில், மூன்று வேளையும் அரிசி உண்ணும் வீட்டில் இந்த வரியை ஒதுக்கிவைத்துக் கணக்குப் போட முடியாது.

எழுதும்போது தவறுகிற இடங்கள்:

ரேஷன் அரிசி. இலவசமாக வருவதால் மளிகைச் சீட்டில் இருக்காது. எங்கள் வீட்டில் மாதம் 20 கிலோ இப்படித்தான் முதல் மாதக் கணக்கில் காணாமல் போயிருந்தது. இட்லி, தோசை, ஆப்ப மாவுக்கு ஊறப்போடும் அரிசியையும் சேருங்கள். கடையில் மாவாக வாங்கினால் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர், அப்படியே அரிசி என்று எழுதக்கூடாது.

நெய். ஒரு கிலோ நெய்க்கு எருமைப் பால் பதினைந்து லிட்டர் அளவு வேண்டும். ஆனால் வெண்ணெய் எடுத்த மீதிப் பால் மோராகவும் பால்பொடியாகவும் போவதால் முழுப்பாரத்தையும் நெய்யின் தலையில் ஏற்றக்கூடாது. நெய்யைத் தனி வரியில் எழுதிவையுங்கள், அது போதும். அல்வா வாங்கி ஊருக்கெல்லாம் அனுப்பும் வீடாக இருந்தால் அந்த வரி நீளும்.

மீன். கூத்தங்குழி, உவரிப் பக்கமிருந்து வரும் கடல் மீனுக்குப் படகு எரித்த டீசல்தான் கணக்கு. அதை நாம் அளக்க முடியாது. நான் வளர்ப்பு மீனின் எண்ணையே போட்டுக்கொண்டேன். சாளை, நெத்திலி போல கூட்டமாகக் கிடைக்கும் சிறு மீனுக்கு டீசல் குறைவாகவே செலவாகும்.

அடுப்பு. 14.2 கிலோ உருளை ஒன்று எரிந்தால் சுமார் 42 கிலோ. மாட்டிய தேதியை உருளையிலேயே சாக்பீஸால் எழுதுங்கள்.

5. கூட்டிப் பாருங்கள்

எங்கள் ஐந்து பேர் வீட்டின் ஒரு மாதம், கிலோவில்: பால் 45 லிட்டருக்கு 135. அரிசி 32 கிலோவுக்கு 128. ஆட்டுக்கறி மூன்று கிலோவுக்குக் குறைந்த எண்ணைப் போட்டாலும் 72. அடுப்பு 42. கோழி, முட்டை, மீன், எண்ணெய், சர்க்கரை, பருப்பு, காய்கறி எல்லாம் சேர்ந்து 128. மொத்தம் 505.

பயணம்: அம்பாசமுத்திரத்துக்கு என் மோட்டார் சைக்கிள் 36 லிட்டர், 83 கிலோ. மனைவியின் ஸ்கூட்டர் 18. காரில் ஒருமுறை குற்றாலம் போனதும் உள்ளூர் ஓட்டமும் 46. பஸ் 5. மொத்தம் 152.

நோட்டைப் பார்த்து நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் அடுக்களை, மூன்று வண்டிகளையும் சேர்த்தால் வருவதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஒன்று சொல்லவேண்டும், இரண்டு தொகையும் ஒரே அளவுகோல் அல்ல. உணவு எண்ணில் வயல் முதல் கடை வரை அடக்கம். பெட்ரோல் எண்ணில் எரிந்தது மட்டுமே, எண்ணெய் எடுத்துச் சுத்திகரித்த செலவு இல்லை. அதையும் சேர்த்தால் பயணம் கால் பங்கு போலக் கூடும். வரிசை மாறாது.

6. பயணத்தில் கைவைக்கும் இடம்

வேலைக்குப் போய்வருவதில் தொடங்குங்கள், ஒருமுறை செய்தால் மாதம் முழுக்கப் பலன். நான் செங்கோட்டை ரயிலுக்கு மாறினேன். மாத சீசன் டிக்கெட் இரண்டாம் வகுப்பில் 150 கிலோமீட்டர் வரை தருகிறார்கள். எனக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிகிறது. பெட்ரோலுக்கு மாதம் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலாண்டுச் சீட்டு 2.7 மாத விலைதான். ரயில்வே செயலியிலும் எடுக்கலாம். கரி 83 கிலோவிலிருந்து 18-க்கு இறங்கியது.

கவனிக்கவேண்டியவை: சீட்டில் உங்கள் அடையாள அட்டை எண் இருக்கும். சீட்டும் அந்த அட்டையும் ஒன்றாகக் கையில் இருந்தால்தான் செல்லும். சட்டை மாற்றிய அவசரத்தில் ஒருநாள் அட்டையை வீட்டில் விட்டுவிட்டு, டிக்கெட் இல்லாதவன் கணக்கில் 250 ரூபாய் அபராதமும் கட்டணமும் கட்டினேன். முன்பதிவுப் பெட்டியில் சீசன் டிக்கெட்டோடு ஏறக்கூடாது. அதிவிரைவு வண்டிக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. இந்தப் பாதையில் வண்டிகள் குறைவு, மாலை வண்டியைத் தவறவிட்டால் பஸ்தான். வேலைநேரம் ரயிலோடு ஒத்துவருமா என்று பத்து நாள் தனித்தனி டிக்கெட்டில் போய்ப் பார்த்துவிட்டுச் சீசன் எடுங்கள்.

அடுத்தது சென்னைப் பயணம். ஒருவருக்கு ஒரு வழிக்கு: ரயிலில் 6 அல்லது 7 கிலோ, பஸ்ஸில் 10, தூத்துக்குடியிலிருந்து விமானத்தில் சுமார் 65, தனியாகக் காரில் போனால் 90. அதே காரில் நான்கு பேர் என்றால் தலைக்கு 22, விமானத்தைவிட எவ்வளவோ மேல். நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் வேண்டுமானால் 60 நாள் முன்பே எடுக்கவேண்டும். பொங்கல், தீபாவளிக்கு அந்த முதல் காலையிலேயே தீர்ந்துவிடும். தட்கல் முந்தின நாள், ஏ.சி.க்குப் பத்து மணி, மற்றதுக்குப் பதினொரு மணி. 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க, கணக்கு ஆதாரோடு சரிபார்க்கப்பட்டிருக்கவேண்டும். இதைப் பத்து ஐம்பத்தைந்துக்கு நினைத்துக்கொள்ளாமல் ஒரு வாரம் முன்பே முடித்துவையுங்கள். 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத் பகல் வண்டி, உட்கார்ந்து போகவேண்டும். முதுகுவலிக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

திருச்செந்தூருக்கு ரயில் போதும். கோயில் வாசலில் வண்டி நிறுத்த இடம் தேடும் தொல்லையும் மிச்சம்.

7. அடுக்களையில் கைவைக்கும் இடம்

இங்கே மெதுவாகப் போங்கள். பாலைக் குறைக்கலாம் என்று நான் வாய்திறந்ததும் அம்மா, "பாலை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு உன் கணக்கு நோட்டையா கரைத்துக் கொடுப்பாய்?" என்றார். நியாயமான கேள்வி. பிள்ளைகளின் பாலைத் தொடவில்லை. பெரியவர்களின் சாயங்காலக் காபி கருப்பட்டிச் சுக்குக் காபியாக மாறியது, நாளுக்குக் கால் லிட்டர் குறைந்தது. மாதத்துக்கு 22 கிலோ.

கறி நான்கு ஞாயிறில் இரண்டாகச் சுருங்கியது. மற்ற இரண்டு ஞாயிறு சாளைக் குழம்பு. ஆட்டுக்கறியில் 36 கிலோ குறைய, மீனுக்காக ஏழெட்டுக் கிலோ கூடியது. பருப்பும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய சொதி வைத்த ஞாயிறில் அதுவும் இல்லை, யாரும் முகம் சுளிக்கவும் இல்லை.

அரிசியில் முதலில் பார்க்கவேண்டியது வீணாவதை. ஒரு வாரம் மிஞ்சிய சோற்றைத் தராசில் வைத்தோம், நாளுக்கு 300 கிராம். அரிசிக் கணக்கில் மாதம் மூன்று கிலோ, கரியில் 12 கிலோ. இரவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குப் பழைய சோறு ஆயிற்று, அந்த வேளைக்கு அடுப்பும் மிச்சம். வாரம் இரண்டு இரவு கம்பங்கூழ் அல்லது கேழ்வரகுத் தோசை. மானாவாரியில் விளையும் கம்புக்கு வயலில் தண்ணீர் நிற்பதில்லை.

சொந்தமாக வயல் இருந்து குத்தகைக்கு விட்டிருந்தால், பயிரிடுபவரிடம் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையைப் பற்றிப் பேசிப் பாருங்கள். தண்ணீரை வடியவிட்டு மண் லேசாக வெடிக்கும்போது மறுபடி பாய்ச்சினால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். கால்வாயில் முறைவைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், அடுத்த முறை எப்போது என்று தெரியாமல் வயலைக் காயப்போட எவரும் துணியமாட்டார். கிணறோ ஆழ்துளைக் குழாயோ உள்ள வயலில் கேளுங்கள்.

8. குப்பை வாளி

காய்த்தோலையும் எச்சிலையும் பாலித்தீன் பையில் முடிந்து போட்டால் கிடங்குக் குவியலுக்குள் காற்றில்லாமல் மட்கி மறுபடியும் மீத்தேன்தான். இரண்டு பழைய மண்பானை, அடியில் ஓட்டை, ஒரு கை காய்த்தோலுக்கு ஒரு கை காய்ந்த இலை. இரண்டு மாதத்தில் உரம். எலும்பும் மீன்முள்ளும் போடாதீர்கள், தெருநாய் பானையை உருட்டிவிடும். எங்கள் முதல் பானை அப்படித்தான் போனது. இப்போது மேலே ஒரு அம்மிக்கல் இருக்கிறது.